மருந்துக்கு மசியாதது

“டோஸ கூட்டிக் குடுங்க டாக்டர். எம்புள்ள தாங்குவா,” என்றேன்.

டாக்டர் பிரேமநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர்தான். கெட்ட சேதி சொல்லும்போது எங்கள் முகம் சரியாகத் தெரியாவிட்டால் அவருக்கும் லேசாக இருக்கும் போல.

என் மகள் லோஷினிக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். போன வருஷம் கீமோ கொடுத்து, நோய் அடங்கிவிட்டது என்றார்கள். கோலா பிலா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு பாயாசம் கொடுத்தாள் என் மனைவி குமுதவல்லி. இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. அதே மருந்துக்கு அசைய மாட்டேன் என்கிறது.

“மொத தடவ எல்லா செல்லும் சாகலங்க. ஒன்னு ரெண்டு தப்பிச்சிருக்கு. அதுங்கதான் பெருகி நிக்குது. மருந்து உள்ள போனா வெளிய தள்ளிடுது. டோஸ கூட்டினா நல்ல செல்லுதான் சாகும்,” என்றார்.

அதற்குமேல் அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் செம்பனைக்காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிறவன். வருஷக்கணக்காக ஒரே மருந்து. திடீரென்று சம்பாவ் புல் மட்டும் சாகாமல் நின்றது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் மருந்தைக் கூட்டிக் கலக்கச் சொன்னார். கலந்தோம். சுற்றியிருந்ததெல்லாம் கருகிப்போனது, சம்பாவ் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. கடைசியில் மண்வெட்டியால் கொத்தித்தான் எடுத்தோம். அந்த மண்டோர் மாதிரிதான் நானும் டாக்டரிடம் பேசியிருக்கிறேன்.

“வேரோட எடுக்க முடியாதா?”

“ரத்தம் பூரா இருக்குங்க.”

இன்னொரு மருந்து இருக்கிறதாம். பலிக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு, வேதனை அதிகம். வேண்டாமென்றால் வலி தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முடிவை எங்களிடம் விட்டுவிட்டார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்,” என்றேன் குமுதவல்லியிடம், டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும்.

“மருந்தடிச்சு மருந்தடிச்சு உங்களுக்குப் புல்லும் புள்ளையும் ஒன்னாப் போச்சா?”

சுருக்கென்றது. கோபமும் வந்தது.

“வாயெல்லாம் புண்ணாகி, தண்ணிகூட முழுங்க முடியாம கெடந்தாளே. திரும்பவும் அதான் வேணுமா உனக்கு?”

அவள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “துணிய எடுத்து வைக்கிறேன்,” என்றாள்.

பையைப் பார்த்ததும் லோஷினி எழுந்து உட்கார்ந்தாள்.

“வீட்டுக்காப்பா? இனிமே ஊசி இல்லையா?”

“இல்லம்மா.”

“கீமோவும் இல்லையா?”

“அதுவும் இல்ல.”

முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கீமோ முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். லோஷினி கட்டிலை விட்டு இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, நடுவில் போய் நின்றாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டில் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

“ஏம்ப்பா யாரும் தட்ட மாட்றாங்க?”

குமுதவல்லி பையைக் கீழே வைத்தாள். அவள்தான் முதலில் கைதட்டினாள்.