சங்கு ஊதாத காலை

காலையில் முழங்கால் போட்டு ஜெபிக்கச் சுகிர்தாவுக்கு ஏது நேரம்? குழாயில் தண்ணீர் நின்றுவிடும், அடுப்பில் சோறு குழையும், பிள்ளையின் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். அதனால் கம்பெனிச் சங்கைத் துணைக்குப் பிடித்துக்கொண்டாள். கணவன் ஜெரால்ட் வேலை செய்யும் இரும்பு உருக்காலையில் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும், கையில் கரண்டியோ துடைப்பமோ, நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, "கர்த்தாவே, என் புருஷனைப் பத்திரமாத் திருப்பி அனுப்பும்" என்பாள். அவ்வளவுதான் ஜெபம். நீட்டி முழக்கினால்தான் கர்த்தருக்குக் காது கேட்குமா என்ன? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைத் தவறவிட்டதே இல்லை.

அன்றைக்குச் சங்கு ரிப்பேர். ஊதவில்லை. வேலை மும்முரத்தில் சுகிர்தா சுத்தமாக மறந்துபோனாள்.

பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் புருஷன் வரதனுக்கும் ஜெரால்டோடு அதே உலையில்தான் வேலை.

"யக்கா, ஃபர்னஸ் வெடிச்சிடுச்சாம். ஒரு ஆளை ஆம்புலன்ஸ்ல தூக்கிக்கினு போயிட்டாங்களாம். யாருன்னு சொல்ல மாட்றாங்க."

போன் போட்டும் பயனில்லை. உள்ளே போகும்போதே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். இருவரும் கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

சுகிர்தாவுக்குக் காலையில் ஜெபிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்கலாமென்று கண்ணை மூடினாள், வார்த்தை வரவில்லை. காலையில் மறந்தவள் இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஒரே ஒரு நாள், அதற்கா இந்தத் தண்டனை? அப்படிப்பட்ட கடவுளா என் கடவுள் என்று நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்துப் பயந்தாள்.

கம்பெனி வாசலில் கூட்டம் நெரிந்தது. வாட்ச்மேன் எதைக் கேட்டாலும் கையை விரித்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் கீழே அவன் முகத்தைத் தேடினாள். கடைசியில் முகமெல்லாம் கரியாக ஜெரால்ட் வந்தான்.

சுகிர்தா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் பின்னால் நின்ற தமிழ்செல்வியைப் பார்த்தான்.

"வரதன்தாம்மா. உசுரு இருக்குது. மாரு, கையெல்லாம் வெந்துடுச்சு. மெட்ராசுக்கு இட்டுக்கினு போயிருக்காங்க. வா, போலாம்."

அவன் வண்டி பிடிக்க ஓடினான். தமிழ்செல்வி அழவில்லை. சுகிர்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யக்கா, தெனம் சங்கு ஊதும்போது நீ ஜெபம் பண்றதை ஜன்னல் வழியாப் பாப்பேன். அதே சங்குக்குத்தானே எங்கூட்டுக்காரரும் உள்ள போறாரு, அவரையும் சேத்துதான் நீ கேப்பேன்னு நெனச்சிக்கினு நிம்மதியா இருந்துட்டேன். சேத்துக்கினியாக்கா?"

இத்தனை வருஷத்தில் வரதன் பெயர் ஒரு நாளும் சுகிர்தாவின் வாயில் வந்ததில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்ல செல்வி," என்றாள்.

கையை உதறிவிடுவாள் என்று நினைத்தாள். தமிழ்செல்வி இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப இப்பக் கேளுக்கா."