பார்க்காத படத்தின் கடைசிக் காட்சி

படம் பார்க்காமலே விமர்சனம் எழுத ஒரு லாவகம் வேண்டும். ஓரச்சீட்டுக்கு அது கைவந்த கலை.

வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்தில் அவருக்கு வேறு பெயர் அச்சாகிக்கொண்டிருந்தது. திரைப்பட விழா வட்டாரத்தில் அவர் ஓரச்சீட்டுதான். எந்த அரங்கானாலும் வரிசையின் ஓரத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வார், கொஞ்ச நேரம் பார்ப்பார், நைசாக நழுவி அடுத்த அரங்குக்குள் நுழைவார். மிச்சத்தை விழாப் புத்தகத்தில் போட்டிருக்கும் நாலு வரிக் கதைச்சுருக்கமும் பல வருஷ அனுபவமும் பார்த்துக்கொள்ளும்.

இந்த வருஷ விழாவில் ஒரு காலைக் காட்சிக்கு அந்தக் கொஞ்ச நேரத்தையும் அவர் கொடுக்கவில்லை. வாசல் படிக்கட்டில் காபியும் அரட்டையும் அவ்வளவு சுகமாக இருந்தது. அன்றைக்கே பக்கம் முடித்துக் கொடுக்க வேண்டும். பெயர் வாயில் நுழையாத ஏதோ அயல்நாட்டுப் படம். 'ஓர் அடுக்குமாடி வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி, நீண்ட மௌனம்' என்று புத்தகத்தில் இருந்தது. அது போதாதா? படிக்கட்டிலேயே உட்கார்ந்து செல்போனில் தட்டத் தொடங்கிவிட்டார்.

கடைசிக் காட்சிக்குத்தான் கொஞ்சம் முழித்தார். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியது ஞாபகம் வந்தது. அதையே எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். 'அவள் ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை அள்ளிக் கட்டுகிறாள். அடுப்பை அணைக்கிறாள். வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகிறாள். இனி வரமாட்டாள். ஏன் என்று இயக்குநர் சொல்லவில்லை. சொல்லாததுதான் அழகு.' நாலு நட்சத்திரம் போட்டு அனுப்பினார்.

பத்திரிகை கடைக்கு வந்த பிறகுதான் தாடி போன் செய்தான். தாடி நாளிதழ் ஒன்றின் விமர்சகன், பழைய சிநேகிதன்.

"யோவ், அந்தப் படத்துக்கு எழுதியிருக்கியே, எங்க பார்த்த? அது வந்து சேரவே இல்லைய்யா. கடைசி நேரத்துல வேற படம் போட்டாங்க. நாங்கல்லாம் உள்ளதான் இருந்தோம்."

ஓரச்சீட்டு சட்டென்று போனை அணைத்துவிட்டார். மானம் போகப்போகிறது, வேலையும் கூடவே போகும் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் விழாப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆனால் ஒன்றும் ஆகவில்லை. மாறாகப் பாராட்டு வந்தது. 'நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை, கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன்' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். மூன்றாம் நாள் அரங்க வாசலில் தாடியே வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தச் சாவி வைக்கிற இடம் இருக்கே, சரியா பிடிச்சிட்டய்யா."

"படமே வரலைன்னு நீதானே சொன்ன?"

"நானா? முழுசா பார்த்தேன்யா. உனக்குப் பின் வரிசைதான். உன் வழுக்கை மறைச்சுது, தள்ளி உக்காருன்னுகூடச் சொன்னேனே."

விளையாடுகிறானோ என்று ஓரச்சீட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். விளையாட்டின் சாயலே இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகை காட்டிப் பார்வை சோதிக்கிறவள் அவள்.

"இன்னிக்கு ஒரு அம்மா பலகையைப் பார்க்காம என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தாங்க. படத்துல வர்றது நீங்கதானேங்கறாங்க. எந்தப் படம்னா, உங்க வீட்டுக்காரர் எழுதினாரே அதுங்கறாங்க. என்ன படங்க அது?"

"ஏதோ அயல்நாட்டுப் படம்."

"அதுல நான் எப்படி வந்தேன்?"

"அவங்களுக்குக் கண்ணு சரியில்ல. அதனாலதானே உங்கிட்ட வந்திருக்காங்க."

"அவங்களுக்குப் பார்வை நல்லாத்தாங்க இருக்கு. உங்களுக்குத்தான் பக்கத்துல இருக்கறது தெரியாது."

மறுநாளும் ஒருவர் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள், வழக்கமாகக் கதவோரத்து ஆணியில் தொங்கும் சாவி மேசைமேல் கிடந்தது.

"சாவி ஏன் இங்க இருக்கு?"

"எப்பவும் மேசைமேலதானே வைப்பேன்" என்றாள். ஆணி இருந்த இடத்தை அவர் திரும்பிப் பார்த்தார். சுவர் மொழுமொழுவென்று இருந்தது. ஆணியும் இல்லை, அது இருந்த ஓட்டையும் இல்லை.

விடிந்ததும் பத்திரிகை ஆசிரியரின் அறைக்கு ஓடினார். வேலை போனாலும் பரவாயில்லை, உண்மையைப் போட்டு இதை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் தான் எழுதியபடியே அவள் போய்விடுவாள்.

"மேடம், அந்தப் படத்தை நான் பார்க்கல. கடைசிக் காட்சி நானா அடிச்சு விட்டது. மறுப்பு ஒண்ணு போட்டுடுங்க."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஞாயித்துக்கிழமை பார்த்தேனே. நீங்க எழுதின மாதிரிதான் முடியுது. ஊரே பார்த்த படத்தை இல்லைன்னு போட்டா நம்மளைத்தான் பைத்தியம்பாங்க. விழா இன்னிக்கு முடியுது. மத்தியானம் கடைசியா ஒரு தடவை போடறாங்க. போய்ப் பார்த்துட்டு வாங்க, தெளிஞ்சிடும்."

ஓரத்தில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. நட்டநடு வரிசையில், இரண்டு பக்கமும் முழங்கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

திரையில் அவர் வீட்டுச் சமையலறை. கைப்பிடி உடைந்த வாணலியிலிருந்து ஜன்னல் திரையின் கிழிசல் வரை அவர் வீடேதான். அதில் அவர் மனைவி நடமாடினாள். கணவனின் முகத்தை ஒரு இடத்திலும் காட்டவில்லை. பக்கத்து அறையிலிருந்து அவன் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. அவள் அறை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பாள். தட்டும் சத்தம் நிற்காது. திரும்பிவிடுவாள். படம் முழுக்க இதுதான்.

அவள் ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்தாள். அடுப்பை அணைத்தாள்.

ஓரச்சீட்டு செல்போனில் வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்தினார். திரையில் தொலைபேசி மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க."

குரல் காதிலும் கேட்டது, அரங்கத்தின் ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

"எங்க இருக்க?"

"வீட்டுலதான். கிளம்பிட்டிருக்கேன்."

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். படம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடாதே என்று அதட்டவில்லை. திரையின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது. அவர்களுக்கு முடிவு தெரியும். அது வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

எழுந்து வீட்டுக்கு ஓடலாம். போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தியிருக்கும். போகாதே என்று கெஞ்சலாம். அவள் கால் வாசலை நோக்கித் திரும்பியாகிவிட்டது. தான் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் என்று அவருக்குப் புரிந்தது.

"ஏன் போற?"

அவள் நின்றாள்.

"கேக்கறீங்களா, இல்ல எழுதப்போறீங்களா?"

"கேக்கறேன்மா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சொன்னதே அவருக்குத் தெரியாத விஷயம். அடுத்ததும் அப்படித்தான்.

படம் முடிய வேண்டிய நேரம் தாண்டிப் போனது. விளக்கு எரியவில்லை, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டார்ச் விளக்கோடு இடம் காட்டுகிறவர்கூட நடைபாதைப் படியில் உட்கார்ந்துவிட்டார். குறுக்கே பேசாமல், கண் சிமிட்டவும் பயந்து, ஓரச்சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசப் பேச அவள் கை சாவிமேல் வந்து படிந்தது. இன்னும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.