எழுப்ப முடியாத மண்டோர்

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் ஒரு கணினி வகுப்பு நடந்தது. நஜீபா அங்கே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து கணினிகள் இருந்தன. மவுஸ் வைத்தது ஒன்றுதான். 1989 தொடக்கத்தில், வகுப்பு இல்லாத மதியங்களில் அந்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அவள் ஒரு விளையாட்டைச் செய்தாள்.

திரையில் ஒரு ரப்பர்த் தோட்டம். வரிசையாக லயத்து வீடுகள், சாக்கடை, ஒரு கோழி, ஒரு நாய், ஆபீஸ் வாசலில் நாற்காலி. நாற்காலியில், ஆட்களை வேலை வாங்க வேண்டிய மண்டோர் வாயைத் திறந்து தூங்குகிறார். அவருடைய விசில் காணாமல் போய்விட்டது. தோட்டத்துத் துரையின் ஜீப் வருவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பொருள்களை மவுஸால் அழுத்தினால் ஏதாவது நடக்கும். கோழியை அழுத்தினால் முட்டையிடும். முட்டையை நாய்க்குக் கொடுத்தால் அது படுத்திருக்கும் வாளியை விட்டு எழுந்து போகும். கடைசியில் விசில் ஒரு வாத்தின் வயிற்றில் இருப்பது தெரியும். ஜீப் வரும்போது வாத்து விசில் ஊத, ஆட்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்பார்கள். மண்டோர் அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்.

மண்டோர் அவளுடைய கற்பனை இல்லை. வகுப்பில் வேலம்மா என்று ஒரு பெண் படித்தாள். பத்தொன்பது வயது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வருவாள். மத்தியானம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நஜீபாவின் அத்தா மதார் சாகிபு நடத்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்து வரும் மீன் குழம்பில் பாதி வேலம்மாவுக்குப் போகும். சாப்பிட்டுக்கொண்டே அவள் தோட்டத்துக் கதைகளைச் சொல்லுவாள். நன்றாகச் சொல்லுவாள். அவளுடைய அப்பா செல்லன்தான் அந்த மண்டோர். ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்ததும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபடியே அவர் தூங்கிவிடுவதை, துரை வந்தால் கண்ணைத் திறக்காமலேயே "எஸ் சார்" என்பதை வேலம்மா நடித்துக் காட்டும்போது நஜீபாவுக்குச் சோறு புரையேறும். காக்கித் தொப்பி, சட்டைக் காலரில் பின்பக்கம் மாட்டிய குடை, மடித்துவிட்ட ஒரு கால்சட்டைக் கால் என்று அவள் சொன்னதை எல்லாம் நஜீபா அப்படியே வரைந்தாள். வரைவதற்கு முன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

விளையாட்டு முடிந்ததும் வகுப்பில் எல்லாரையும் விளையாடச் சொன்னாள். கருத்து எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஒரே வாரத்தில் ஆறு பக்கம் நிரம்பியது.

'சூப்பர் லா டீச்சர், ஆனா பதினஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு.' 'வாளி புதிருக்குத் துப்பே இல்ல, கண்டபடி அழுத்தித்தான் கண்டுபிடிச்சேன்.' 'வாத்தைப் பார்த்து அழுகையே வந்திருச்சு சிரிச்சு.' 'இன்னும் ரெண்டு தோட்டம் சேருங்க.' 'மண்டோர்தான் பெஸ்ட். எங்க தோட்டத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு.' கடைசியாகச் சொன்னதை எழுதியவன் சிவானந்தம். வேலம்மாவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரன்.

வேலம்மாவும் விளையாடினாள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவ்வளவு வேகமாக வேறு யாரும் முடிக்கவில்லை. அவள் எதுவும் எழுதவில்லை. "நல்லாருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். நஜீபா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மறுவாரம் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் நாள். வேலம்மா அடையாளக் கார்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு மணிக்குச் செல்லன் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். காக்கித் தொப்பி. காலரில் குடை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவானந்தம் இரண்டு விரலை வாயில் வைத்து, வாத்து ஊதுகிற மாதிரியே மெதுவாக விசிலடித்தான். வகுப்பே சிரித்தது. செல்லனுக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் சிரித்தார். வேலம்மா எழுந்து போய்க் கார்டை வாங்கிக்கொண்டு, "போங்கப்பா, பஸ் போயிரும்" என்றாள்.

நஜீபா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார்கள். ஆனால் முதல் கணத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படம் இவ்வளவு பொருந்தியிருக்கிறதே என்று வந்த சிரிப்பு. வேலம்மா திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை நோட்டில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'புதிர் சுலபம். சிரிப்பு வரல. வேலம்மா.' மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நஜீபா பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனாள். வேலம்மா லயத்துக்குப் பின்னால் துவைக்கும் கல்லருகே துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தேத்தண்ணீர் கொடுத்தாள். முகம் மட்டும் வேறு பக்கம் இருந்தது.

"நீதானேம்மா எல்லாத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன" என்றாள் நஜீபா. மன்னிப்புக் கேட்க வந்தவள் வாயில் முதலில் வந்தது இதுதான்.

"உங்ககிட்ட சொன்னேன்க்கா. ஊருக்கா சொன்னேன்?"

பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அம்மா போனதுலேருந்து மூணு மணிக்கே எழுந்து எங்க நாலு பேருக்கும் சமைச்சு வெச்சிட்டுத்தான் பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கப் போறாரு. பதினோரு மணிக்குத் தூக்கம் வராம என்ன செய்யும்? அத நா சொல்லல. சிரிக்கிற மாதிரி உள்ளத மட்டுந்தான் சொன்னேன். என் மேலயும் தப்பு இருக்கு."

அந்த நேரத்தில் செல்லன் வந்தார். நஜீபாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க டீச்சரம்மா. என்னை வெச்சுப் படம் ஒண்ணு செஞ்சீங்களாமே. சிவானந்தம் பஸ்ல சொன்னான். நா பாக்க வேணாமா?"

நஜீபா வேலம்மாவைப் பார்த்தாள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, செல்லன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக வந்தார். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று நஜீபா காட்டினாள். திரையில் மண்டோர் வந்ததும் அவர் தொப்பியைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு அம்புக்குறியை நடுங்க நடுங்க நகர்த்திக்கொண்டு போய் மண்டோரை அழுத்தினார். குறட்டைச் சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி குறட்டை. ஐந்தாறு முறை அழுத்தினார்.

"இவர எழுப்ப முடியாதா?"

"முடியாதுங்கய்யா. கோழியை அழுத்துங்க. அங்கேருந்துதான் ஆரம்பம்."

"இல்லம்மா, விசிலு இவரோடது. எழுப்பிக் கேட்டா எங்க வெச்சாருன்னு இவரே சொல்லிருவாரு. எதுக்குக் கோழி, நாயின்னு போய்க்கிட்டு?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். பிறகு கோழி, முட்டை, வாளி என்று பொறுமையாக முடித்தார். வாத்து விசில் அடித்தபோது சிரிக்கவும் செய்தார். வரிசையில் நின்ற ஆட்களுக்கு நடுவே மண்டோர் இன்னும் தூங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வாத்து நல்லாருக்கு" என்றார். நோட்டைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி, 'பார்த்தேன். செல்லன்' என்று எழுதினார்.

படி இறங்கும்போது, "வேலம்மா பரீட்சைக்கு வந்திரும்ல?" என்று நஜீபா கேட்டாள்.

"ஷா ஆலம்ல ரேடியோ செய்யிற கிலாங் ஒண்ணுல ஆள் எடுக்குறாங்களாம் டீச்சரம்மா. போறேங்குது. நீங்க ஒரு தடவ வந்து சொன்னீங்கன்னா கேக்கும்."

வருகிறேன் என்றாள். போகவில்லை. அந்த வாரம் அத்தாவுக்கு உடம்பு சரியில்லை, மறுவாரம் மழை என்று காரணங்கள் இருந்தன. உண்மையில் அந்தத் துணி துவைக்கும் கல் பக்கத்தில் மறுபடி போய் நிற்கத் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக விளையாட்டைத் திருத்த உட்கார்ந்தாள். மூன்று முறை அழுத்தினால் மண்டோர் கண் விழிக்கும்படி செய்தாள். அது சுலபமாக வந்துவிட்டது. விழித்தவரை என்ன பேச வைப்பது, எங்கே நடக்க வைப்பது என்பதுதான் வரவில்லை. அந்த மூன்று மணிச் சமையலைத் தவிர, செல்லனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எல்லாம் அவர் தூங்குவது மட்டுமே. பல நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வகுப்பில் இருந்த பிரதிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். சிவானந்தம் ஒரு டிஸ்க்கில் எடுத்துப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அது எத்தனை கைக்குப் போயிற்றோ.

பரீட்சை அன்று வேலம்மாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கிள்ளான் பஸ் நிலையத்தில் நஜீபா அவளைப் பார்த்தாள். தொழிற்சாலை நீலச்சட்டை, கையில் இரண்டு பைகள். ஊருக்குப் போகிறாள். இளைத்திருந்தாள். ரேடியோவுக்குள் வைக்கிற பலகையில் ஈயம் வைக்கிற வேலை என்றாள். கண் எரிகிறதாம்.

"நா அன்னைக்கே வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும், வேலம்மா. கேக்கத்தான் வந்தேன். கேக்கல."

"அப்பா அத மறந்தே போயிட்டாருக்கா. வாத்து வாத்துன்னு தம்பிங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாரு." அவள் பைகளைக் கை மாற்றிக்கொண்டாள். "நாந்தான் கோவத்துல பரீட்சைய விட்டுட்டேன். எழுதியிருக்கலாம். ஆபீஸ் வேலை கெடச்சிருக்கும்."

"இப்பக்கூட வரலாமே. நா பேரு கொடுக்கிறேன்."

"லீவு கெடைக்காதுக்கா."

பத்தாங் பெர்ஜுந்தை பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. நஜீபா ஒரு பையை வாங்கி, அவள் ஏறியதும் சன்னல் வழியாகக் கொடுத்தாள். வேலம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அத்தாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு நஜீபா பஸ் நகரும் வரை அங்கேயே நின்றாள்.