கரி அடுப்பில் வஞ்சிரம்

லவினா பெங்களூரிலிருந்து வந்து இறங்கும்போது ஒரு கையில் மீன் பொட்டலம், இன்னொரு கையில் காலிப் பெட்டி. மீன் அம்மாவுக்குச் சமைக்க. பெட்டி, அம்மாவின் புடவைகளை அடுக்க.

"டாடி, சாயங்கால ரயிலுக்கு மம்மிய இட்டுனு போயிடறேன். நீங்க குறுக்க ஒண்ணும் பேசாதீங்க," என்று அந்தத் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷன் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

பர்னபாஸ் மகளிடமிருந்து காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி எலைனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமாகிறது. பொரித்தது கூடாது, உப்பைக் குறை, கொஞ்ச நாளைக்கு அடுப்படியில் நிற்காதே என்று டாக்டர் சொன்னார். அன்றோடு அவள் சாப்பாட்டை விட்டாள். இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. போன வாரம் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டார் அதை லவினாவுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். மகள் கூட்டிப்போவது நியாயம்தான். எலைனுக்குப் போக இஷ்டமில்லை, அவருக்கு அனுப்ப இஷ்டமில்லை. ஆனால் இஷ்டத்தைத் தின்று ஒரு பெண்பிள்ளை உயிரோடு இருக்க முடியாதே.

வீட்டுக்கு வந்ததும் லவினா வஞ்சிரத் துண்டங்களைக் கழுவி, மஞ்சள், மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி வைத்தாள். எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன். மேலே போடுவதற்குத் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், மாங்காய் எல்லாவற்றையும் பச்சையாக அரிந்து கிண்ணத்தில் போட்டாள். பின்கட்டில் கரி அடுப்பை மூட்டி, கம்பி வலையை வைத்து அப்பாவை உட்கார வைத்தாள்.

"துண்ட வைங்க, கொஞ்சம் பொறுங்க, திருப்பிப் போடுங்க. அவ்ளோதான் வேலை. நான் உள்ள துணி எடுத்து வைக்கிறேன்."

"இதுகூடத் தெரியாதா எனக்கு? போம்மா."

தெரியாது. கல்யாணமான நாள் முதல் அவர் மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். இருந்தாலும் கவனமாகத் துண்டங்களை வலைமேல் அடுக்கினார். கரி செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. மீன் கொழுப்பு அதில் சொட்டியதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று மூஞ்சிக்கு எழும்பியது.

பர்னபாஸ் எழுந்து நடந்துவிட்டார். யோசித்து நடக்கவில்லை. இருபது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்த கால்கள் அவை. வெடி வைத்தால் புகை அடங்கும் வரைக்கும் சுரங்கத்தின் அந்த அடுக்கில் ஒருத்தனும் காலை வைக்கக்கூடாது. அவசரப்பட்டு உள்ளே போன கூட்டாளி ராஜப்பாவைச் சுரங்க லிஃப்டான கேஜில் படுக்கப்போட்டு மேலே கொண்டுவந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். புகை வந்தால் விலகு, அடங்கினால் போய்ப் பார். அவ்வளவுதான் அந்தக் கால்களுக்குத் தெரியும். வாசல் கேட்டருகே போய், கையைக் கட்டிக்கொண்டு, புகை அடங்கட்டும் என்று நின்றார்.

பக்கத்து வீட்டு நாகேஷ் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். "இன்னா அண்ணே, மைன்ஸ திருப்பித் தொறந்துட்டாங்களா? உங்க ஊட்டுப் பின்னாடி ஷாஃப்ட்டு கீதா?"

"மீன் வேவுதுடா."

"வேவுதா? எங்க ஊட்டு வரைக்கும் கருகல் நாத்தம் வருது, போய்ப் பாருங்க."

அவர் ஓடுவதற்குள் வேறு யாரோ அடுப்பருகே நின்றிருந்தார்கள். எலைன். படுக்கையிலிருந்து யாரும் தூக்கிவிடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அவளாகவே வந்திருக்கிறாள். துண்டங்களின் அடிப்பக்கம் நிலக்கரியாகிவிட்டிருந்தது.

"லவி டாடி, இத எந்த சாமிக்குத் தகனபலி குடுத்தீங்க?"

"பொக வந்துச்சு எலைன். அதான் அடங்கட்டும்னு..."

"பொக வந்தா திருப்பணும்யா, கேட்டாண்ட போய் நிக்கக் கூடாது! வஞ்சிரம் இன்னா வெல விக்குது! மவராசன் வெடி வெச்சுட்டு வந்துட்டாரு."

லவினா பதறி ஓடிவந்தாள். "மம்மி, நீ போய்ப் படு. அடுப்புகிட்ட நிக்காத."

"நிக்கல. உக்கார்றேன். காத்து வாக்குல அந்த முக்காலியப் போடு. மீதித் துண்டு கீதில்ல? எடுத்துனு வா. இப்படி தணலா கொட்டுனா யானையே கருகிடும். கரிய ஓரமா ஒதுக்குங்க. மேல சாம்பல் பூக்கட்டும். வெங்காயத்த பாதியா அறுத்து வலையில தேய்ங்க, அப்பத்தான் தோல் ஒட்டாது. ஆங், இப்ப வைங்க."

பர்னபாஸ் வைத்தார். மறுபடி புகை எழுந்தது. முட்டி தானாக நிமிரப் பார்த்தது.

"எங்க போறீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, இருமிக்கொண்டே, அவள் சொன்ன நேரத்தில் திருப்பினார். துண்டத்தின் மேல் கம்பியின் கோடு பழுப்பாக விழுந்திருந்தது.

எலைன் காய்க் கிண்ணத்தை இழுத்து ஒரு துண்டு வெள்ளரியை வாயில் போட்டாள். மூஞ்சியைச் சுளித்தாள். "இன்னாடி இது, மாட்டுக்குப் போடற மாதிரி அரிஞ்சு வெச்சிருக்க?" கத்தியை வாங்கி மாங்காயையும் வெங்காயத்தையும் பொடிப்பொடியாக அரிந்தாள். பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். கொத்தமல்லியைப் பிய்த்துத் தூவினாள். ஒரு வாய் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்தாள், மறுபடி ஒரு வாய் பார்த்தாள். உப்பில்லாத குறையை மாங்காய்ப் புளிப்பு மூடிவிட்டது போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டாள். சூடான துண்டத்தின்மேல் அதைக் குவித்து, முள்ளை ஒதுக்கி, தின்ன ஆரம்பித்தாள். பர்னபாஸும் லவினாவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

துண்டம் முடிந்த பிறகுதான் லவினா சொன்னாள். "பெங்களூர்ல நானே இத டெய்லி செஞ்சு தரேன் மம்மி."

"எதுல? உன் மூணாவது மாடியில கரி போட்டா கீழ் ஊட்டுக்காரன் போலீசக் கூப்பிடுவான்."

லவினாவின் முகம் வாடியது. "எனக்கு பயமா கீது. போன் பண்ணா டாடி எப்பவும் மம்மி நல்லா கீறாங்கன்னுதான் சொல்றாரு. வந்து பாத்தா பாதி ஆளா கீற."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உக்காரு. நீ காலையில இருந்து ஒண்ணும் தின்னல." ஒரு துண்டத்தை மகள் தட்டில் வைத்தாள். "இந்த ரயிலுக்கு நீ மட்டும் போ. அடுத்த ஞாயித்துக்கிழமை வா. இளைச்சிருந்தேன்னா, தூக்கினு போ. வாயத் தொறக்க மாட்டேன்."

லவினா அப்பாவைப் பார்த்தாள்.

"இனிமே போன்ல நெஜத்தச் சொல்றேம்மா," என்றார் பர்னபாஸ். "மம்மி தின்னா தின்னாங்கன்னு, தின்னலன்னா தின்னலன்னு."

"டெய்லி வஞ்சிரத்துக்கு எங்க போவீங்க?"

"கெடைக்கிற மீனப் போடுவாரு. மீன் இல்லன்னா கத்திரிக்கா," என்று எலைன் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "இன்னொண்ணு வைங்க. வயித்தோரமா இருக்கற துண்டு."