தூணுக்குள் ஏழு ஆணி

தொண்ணூற்று ஐந்தில் சுமத்ராவில் பூமி குலுங்கியதற்குக் கடல் தாண்டிச் செந்தூலில் கன்னையாவுக்கு ஒரு பல் போனது. பூமி பிடுங்கவில்லை, பக்கத்து வீட்டு நாகையா பிடுங்கினார்.

அதிர்வில் அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத் தூணில் விரிசல் விழுந்திருந்தது. திங்கட்கிழமை இன்ஜினியர் விநாயகமூர்த்தி வந்து, ரேடார் பெட்டியைத் தூணின்மேல் சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் தேய்த்தார்.

"உடைக்கத் தேவையில்லை. உள்ளுக்குக் கம்பி சரியா இருக்கோ எண்டு இது பார்க்கும். வியாழக்கிழமை இன்னொருக்கா பார்த்துத்தான் எழுதித் தருவன்."

அவர் போனதும் கன்னையா வாயைத் திறந்தான். "கம்பி இல்லன்னா எல்லாரும் மறுபடி பலகை வீட்டுக்குத்தான் லா."

தகரக் கூரை, பலகைச் சுவர், நாற்பது குடும்பத்துக்கு மூன்று கக்கூஸ் என்று பதினொரு வருஷம் காத்திருந்து இந்த வீட்டுக்கு வந்தவர் நாகையா. அந்த வாயை அவர் மூடிய விதத்தில்தான் பல் போனது.

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கன்னையாவே வழியும் சொன்னான். "இல்லன்னா என்னண்ணே, நாமளே வச்சிருவோம்."

நாகையா ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடித்தவர். ஓய்வு பெற்றபோது தண்டவாள ஆணி ஏழு அவருடனேயே ஓய்வு பெற்றிருந்தன. செவ்வாய் மதியம் தூணுக்கு அடி விழுந்தது. அடிக்கு அடி கான்கிரீட் தெறித்தது. ஒரு சில்லு கன்னையாவின் நெற்றியைக் கிழித்தது. மூன்றாம் மாடியில் இராஜம்மா வீட்டுச் சாமிப்படம் விழுந்து நொறுங்கியது. உள்ளே ஏற்கெனவே கம்பி இருக்கிறதா என்று எட்டிப்பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஏழும் இறங்கியதும் சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

வியாழக்கிழமை இன்ஜினியர் மறுபடி தேய்த்து, பெட்டியின் திரையை இரண்டு தரம் பார்த்தார்.

"திங்கட்கிழமை இந்தத் தூண் நல்லா இருந்தது. பூச்சில மட்டும்தான் வெடிப்பு. இப்ப ஏழு இரும்பு குறுக்க நிக்குது, நடுவில பிளந்து கிடக்கு. என்ன செய்தனீங்கள்?"

நாகையா அவர் பிடரியைப் பிடித்துத் தூணிலேயே மோதினார். "நல்லாருக்குன்னு எழுதுய்யா!" மூக்கு உடைந்தது. மறுபடி மோதினார். "எழுது!" அண்ணன் களைத்துவிடக்கூடாதே என்று கன்னையா விலாவில் இரண்டு உதை விட்டான்.

இன்ஜினியர் எழுதினார், மை பாதி, ரத்தம் பாதி. நாகையா பிடுங்கிப் படித்தார்: இன்று மாலைக்குள் எல்லாரும் காலி செய்யவும்.

அவர் பிடி தளர்ந்தது. குரலில் திடீரென்று மரியாதை வந்தது.

"சார், ஆணியப் புடுங்கிட்டா சரியாயிருமா?"

அதற்குள் கன்னையா கடப்பாரையை முதல் ஆணியடியில் கொடுத்து நெம்பத் தொடங்கியிருந்தான். தூண் முனகியது. விநாயகமூர்த்தி பெட்டியைப் போட்டுவிட்டு, "வெளியில ஓடுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவருக்குப் பின்னால் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.