கணினியைக் காலி செய்த காலை

வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனியில் பெட்டிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பீங்கான் தட்டோ கண்ணாடி விளக்கோ, எதைக் கொடுத்தாலும் காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே லேபிள் ஒட்டி, ஒரு கீறல் இல்லாமல் புது வீட்டில் இறக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் வீட்டு மேசைமேல் இருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காலி செய்யத் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்?

கம்ப்யூட்டருக்கு வந்தது சாதாரண நோவு இல்லை. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரையில் வெளிச்சமே வரும். எதையாவது அனுப்பப் போனால் பாதியில் நின்று திருதிருவென்று முழிக்கும். மனைவியின் தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் பிழைப்பு. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனி ஒட்டுப்போட்டுப் பிரயோசனமில்லை, மொத்தத்தையும் துடைத்தழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதற்குள் வேண்டியதையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டான்.

வேண்டியது என்று அதற்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் மனைவியின் குரல்.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப்பின் பேச்சு வராது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள்தான் ஒரு வழி காட்டினார். குரல் இருக்கும்போதே நிறையப் பேசிப் பதிந்து வைத்தால், பின்னால் அதைக் கொண்டு ஒரு கருவியை அவள் குரலிலேயே பேச வைக்கலாமாம். அவளும் கதவைச் சாத்திக்கொண்டு, நாள் கணக்காக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தாள். புண் ஆறிய பிறகு அந்தப் பதிவை அனுப்புங்கள் என்றார் அந்த அம்மாள். புண் ஆறி எத்தனையோ நாளாயிற்று. பெட்டிக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். சோம்பல் என்று மைத்துனன் நினைத்தான். சோம்பலாவது ஒன்றாவது! திறந்தால் அந்தக் குரல் கேட்டுவிடுமே என்று மனுஷனுக்குப் பயம். ஒருவழியாகத் துணிந்து அனுப்பப் போன அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

இப்போது அவளிடம் ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும். கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவாள். ஒரு தட்டு என்றால் வாருங்கள் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் வசமாக மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

ஞாயிறு காலை, பெட்டிக்காரர் வீடு காலி செய்கிற கணக்கில் உட்கார்ந்தார். முதல் குழப்பமே அங்கே தொடங்கியது. வீட்டைக் காலி செய்தால் சாமான் வெளியே போகும், அறை வெறிச்சோடும். இங்கே என்னடாவென்றால், பழகிப் பார்க்க எடுத்த ஒரு போட்டோ பென்டிரைவுக்கும் போயிருக்கிறது, எடுத்த இடத்திலும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருக்கிறது. அப்படியானால் எது சாமான், எது அதன் நிழல்? சரி, அது கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார். திரையில் ‘குரல்’ என்று பெயர் போட்ட மஞ்சள் ஃபோல்டர் உறை இருந்தது. அக்கா தேடி அலையக் கூடாதென்று மைத்துனன் அப்போதே வைத்துக் கொடுத்தது. அதன் மூலையில் ஒரு சின்ன அம்பு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே பென்டிரைவுக்குக் காப்பி செய்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. பென்டிரைவுக்குள் போய் அதைத் திறந்தும் பார்த்தார். வரிசை வரிசையாக எல்லாம் இருந்தன. ஒன்றையும் ஓடவிட்டுக் கேட்கவில்லை. பென்டிரைவின்மேல் காகிதம் ஒட்டி ‘குரல் – உடையக்கூடியது’ என்று எழுதியும் வைத்தார். கைப்பழக்கம் விடுமா?

மைத்துனன் வந்தான். எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டதற்கு, பெட்டிக்காரனிடமே கேட்கிறாயா என்று அவர் சிரித்தார். அவன் கம்ப்யூட்டரை அணைத்து, தன் பையிலிருந்த வேறொரு பென்டிரைவைச் செருகிக் கிளப்பினான். திரை நீலமானது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. அவன் விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தான்.

இரண்டு தட்டு.

அறை வாசற்படியில் அவள் நின்றாள். எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சிலேட்டில் கேட்டாள். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள என்று பெட்டிக்காரர் பெருமையாகவே சொன்னார். அவள் அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்: ‘அத்தனை நாள் பேசியிருக்கேன். அவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிடும்?’

மைத்துனன் விரலை எடுத்துவிட்டான். லேபிள் ஒட்டிய பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகி ‘குரல்’ உறையைத் திறந்தான். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது லேப்டாப்.

பெட்டிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கே திறந்ததே, தம் கண்ணால் பார்த்தாரே. அங்கே இருப்பது இங்கே எப்படி இல்லாமல் போகும்? லேப்டாப் கோளாறா, பென்டிரைவ் கோளாறா, இல்லை தமக்கே மறை கழன்றுவிட்டதா? பிடுங்கிச் செருகிப் பார்த்தார். ஊதிச் செருகிப் பார்த்தார்.

“அத்தான், அந்த அம்பு நான் போட்டதுதான். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள எங்கயோ இருக்கிற பெட்டிக்கு அது வழி காட்டும், அவ்வளவுதான்” என்றான் மைத்துனன். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “நீங்க பெட்டிய வீட்லயே விட்டுட்டு, லேபிள மட்டும் லாரியில ஏத்தியிருக்கீங்க.”

அது புரிந்தது. புரிந்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான் அழுந்தியிருந்தால் அவள் குரல் இந்த உலகத்தில் இல்லை. அதை அவரே தம் கையால் வழியனுப்பி வைத்திருப்பார்.

மைத்துனன் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் பழையபடி கம்ப்யூட்டரை ஆன் செய்தான். அது வழக்கம்போல ஆடி அசைந்து எழுந்தது. இத்தனை நாள் அதைத் திட்டியவர், இன்றைக்கு எழுந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு இருந்தார். உள்ளேயிருந்து உண்மையான பெட்டியைத் தேடிப் பிடித்துக் காப்பி போட்டபோது, பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அது ஊர ஊரத்தான் அவருக்கு மூச்சு வந்தது.

பென்டிரைவை மறுபடி லேப்டாப்புக்கு மாற்றினான். இந்த முறை ஒன்றையாவது ஓடவிட்டுக் கேட்டால்தான் அழிப்பேன், அதையும் நீங்களேதான் செய்ய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான். பெட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தும் கையைத் தூக்கவில்லை. அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட ஒன்றை அழுத்தினார்.

“என்னங்க, அடுப்புல பால் பொங்குது பாருங்க.”

அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு, அடித்துப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார் பெட்டிக்காரர். அடுப்பு அணைந்து கிடந்தது. மேலே ஒரு பாத்திரம்கூட இல்லை. பாலை எங்கே காணோம் என்று அடுப்பின் திருகைத் திருப்பிப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

சமையலறை வாசலில் அவள் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி நின்று அடுப்பையே பார்த்தார்.

“தம்பி,” என்றார் அறைக்குக் கேட்கும்படி, “அதையே இன்னொரு தடவ போடு.”