ஆறரை மணிச் சத்தம்

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் தையல்காரி மெஷினை நிறுத்திவிடுவாள். துணி பாதியில் கிடந்தாலும் சரி, துணி கொடுத்தவர் எதிரே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அவள் கால் தானாக மிதியை விட்டு இறங்கிவிடும். சந்தின் மேல்முனையிலிருந்து அந்தச் சத்தம் வரும். மிதிக்காமல் உருண்டு வரும் சைக்கிளின் பின்சக்கரம் போடுகிற டிக்டிக்டிக். இறக்கத்தில் வர வர வேகமெடுக்கும். வாசலுக்கு நேரே வந்து, நிற்காமல், கீழே போய்விடும். எட்டிப் பார்த்தால் சந்தில் ஈ காக்கை இருக்காது.

அவள் புருஷன் வேலை முடிந்து வரும் நேரம் அது. அவர் மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்து செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுக்குப் பயமெல்லாம் இல்லை, மனத்தாங்கல்தான். இவ்வளவு தூரம் வருகிற மனுஷன் சொந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் குறைந்தா போய்விடுவார்? இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் யார் வந்து அவளிடம் அளவு கொடுப்பார்கள்?

அப்பனின் கிறுக்கு அப்படியே பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பத்தொன்பது வயதில் அவளுக்கும் மலை வேண்டுமாம். எங்கேயோ வேலை பார்த்துச் சேர்த்த காசில் மலைச் சைக்கிளுக்கான வெறும் சட்டம் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் சாய்த்துவிட்டாள். தாய் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தாள். பிரேக்கும் சக்கரமும் வாங்கும்போது நானும் கூட வருவேன்.

"சரி, வா. ஆனா மாமா கடைக்குத்தான் போவேன். அவரைவிட பிரேக் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றாள் மகள்.

அங்கேதான் வந்தது வில்லங்கம். அந்த மாமா தையல்காரியின் கூடப்பிறந்த அண்ணன். அவனோடு அவள் பேச்சை நிறுத்தியும் பதினோரு வருடம் ஆகிறது. சாவு வீட்டில், பத்துப் பேர் முன்னால், அவனே வாயைத் திறந்து சொன்னான். பிரேக்கை நான்தான் சரியாக மாட்டவில்லை, தப்பு என்னுடையது என்று. அன்றைக்கு அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று திரும்பியவள்தான்.

கடை மாறவே இல்லை. சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் டயர்கள், மேஜையில் ரப்பர் வாடை. அண்ணன் தலை மட்டும் வெளுத்திருந்தது. வா என்றான். அவள் ஸ்டூலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பேச்சுவார்த்தை முழுக்க மகள் என்கிற தபால் நிலையம் வழியாக நடந்தது.

அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மலை இறக்கத்துக்கு நாலு பிஸ்டன் பிரேக்தான் சரி, இரண்டு பிஸ்டன் பாதி வழியில் சூடேறிக் களைத்துவிடும் என்றான். பிரேக் கவ்விப் பிடிக்கிற தட்டு முன்னால் பெரியது, பின்னால் ஒரு சுற்றுச் சின்னது. சக்கரத்தின் நடுக்குடம் இருக்கிறதே, அந்த ஹப்பில் ஆறு போல்ட் வைத்த தட்டு மாட்டுகிற மாதிரி எடுத்துக்கொள், காட்டில் தட்டு வளைந்தாலும் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்.

பின்சக்கர ஹப்பில்தான் தகராறு வந்தது. மகள் ஒன்றைக் கையில் எடுத்துச் சுழற்றினாள். டிக்டிக்டிக் என்று அது கடை முழுக்க இரைந்தது. தையல்காரிக்குக் கைமயிர் குத்திட்டு நின்றது. ஆறரை மணிச் சத்தம் பட்டப்பகலில் மகள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பாவோடது இதே கம்பெனி. சத்தம் கேட்டா முன்னாடி போறவங்க ஒதுங்கிப்பாங்க, மணியே வேண்டாம்" என்றாள் மகள்.

சத்தமில்லாத ஹப் இருக்கிறதா என்று உன் மாமாவைக் கேள் என்றாள் தாய். இருக்கிறது என்று சொல் என்றான் மாமா. பிரேக்கும் கத்தக் கூடாது என்று சொல் என்றாள் தாய். புதுப் பிரேக் கொஞ்ச நாள் கத்தத்தான் செய்யும், பழகினால் அடங்கும் என்று சொல் என்றான் மாமா. இருவரும் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

புருஷனின் பிரேக்கும் அப்படித்தான் கத்தும். அவர் வந்து நிற்பது நாலு தெருவுக்குக் கேட்கும். கடைசி வாரம் மகளுக்குக் காய்ச்சல். பிள்ளை கண்ணயர்ந்தால் போதும், வாசலில் அந்தக் கிறீச் கேட்டு அலறி எழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் உள்ளே ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். எது கிறீச்சிட்டாலும் அவள் தொழிலில் ஒரே வைத்தியம்தான். மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து, முன்தட்டில் மூன்று சொட்டு, பின்தட்டில் மூன்று சொட்டு விட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் சத்தமே இல்லாமல் வந்து நிற்பார், அசந்துபோவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவர் மேட்டில் மிதித்துக்கொண்டு ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. போகிற நாளில்கூட அந்த மனுஷனுக்கு ஒரு நல்லது செய்தேன் என்பதுதான் இத்தனை வருடமும் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதையும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்கு என்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது.

"கத்தினா கத்தட்டும் விடு. ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டா அடங்கிடும். உங்கப்பாவுக்கும் அன்னிக்கு நான்தான் விட்டேன்."

மகள் பிரேக் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது. சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா, தட்டுல எண்ணெய் பட்டா பிரேக்கே பிடிக்காது. கை வியர்வைகூட படக் கூடாதுன்னு மாமா துணி வச்சுத்தான் தொடுவாரு. இறக்கத்துல அப்படியே போய்ச் சேர வேண்டியதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் மறு பாதியும் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது. துணி கையிலேயே நின்றது.

அண்ணன் மேஜையில் எதையோ தேடினான். தேடுகிற சாமான் எதுவும் அங்கே இல்லை. தையல்காரி அவனையே பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவனிடம் நேராகப் பேசினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் தேடுவதை நிறுத்தினான். "விழுந்த சைக்கிள்ல பிரேக் கட்டையைக் கழட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த எண்ணெய் வாசனை எனக்குத் தெரியாதா? குப்பி வாங்கித் தந்ததே நான்தானே" என்றான்.

"ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உனக்கு எட்டு வயசுப் பொண்ணு இருந்தா. நீ எழுந்து நடமாடணும்ல."

தையல்காரி அழவில்லை. அழுகை வரும் இடம் வறண்டு கிடந்தது. எண்ணெய்க் குப்பி பிடித்த வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொன்றுவிட்டேன் என்று மனசு சொன்னது. அதற்குப் பின்னாலேயே வேறொன்றும் சொன்னது. தினமும் வாசல் வரை வந்து நிற்காமல் போகிறாரே என்று கோபித்தாயே, அவர் எதைப் பிடித்து நிற்பார்?

மகள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். "மாமா, அந்தச் சத்தமில்லாத ஹப்பையே போடுங்க" என்றாள்.

மறுநாள் மாமாவும் மகளும் சேர்ந்து சைக்கிளைக் கட்டி முடித்தார்கள். சாயங்காலம் தையல்காரி மெஷினில் உட்காரவே இல்லை. எண்ணெய்க் குப்பியைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். மகள் மேல்முனையில் திரும்பி இறங்கினாள். சக்கரம் ஒரு சத்தமும் போடவில்லை. வாசலுக்கு வந்ததும் புதுப் பிரேக் கிறீச்சென்று கத்தியது. சைக்கிள் நட்டநடுச் சந்தில் அசையாமல் நின்றது.

"பழகினா அடங்கிடும்மா" என்று மகள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கத்தட்டும்" என்றாள் தாய். இவ்வளவு நல்ல சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

மகள் இறங்கவில்லை. தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தாள். பிறகு தன் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அது சும்மா நின்றுகொண்டிருந்தது. மணி ஆறரை.

"அம்மா, யாரோ வர்றாங்க. டிக்டிக்னு கேக்குது."

தையல்காரி கைப்பிடியைப் பற்றிச் சைக்கிளோடு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஓரமா வந்துடும்மா. அவரால நிறுத்த முடியாது."